வருஷம் ஒன்றில் தொடங்குமா, பூஜ்யத்தில் தொடங்குமா?

போன இதழில், 2025 டிசம்பர் 31ஆம் தேதியோடு 21ஆம் நூற்றாண்டின் முதல் கால்பங்கு முடிந்தது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் இந்த முறை பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. தொண்டிப் பக்கம், மண்டபம் பக்கம், தீவுக்குள்ளே என்று யாரும் பாக்கியில்லை. சமையல், சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன் வாசகர்: 2000 ஜனவரி 1ஆம் தேதிதான் உலகமே புது நூற்றாண்டு என்று வெடி வெடித்தது. அப்படிப் பார்த்தால் 2024 டிசம்பரோடு 25 வருஷம் முடிந்துவிட்டதே? நடுவில் ஒரு வருஷத்தை எங்கே ஒளித்தீர்கள்? டீக்கடையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறோம். ஆரம்பத்திலேயே பூஜ்யத்திலிருந்து எண்ணியிருந்தால் இந்தத் தகராறே வந்திருக்காது அல்லவா?

பதில்: வெடி வெடித்தது 1 போய் 2 வந்த சந்தோஷத்துக்கு. நான்கு இலக்கமும் ஒரே ராத்திரியில் மாறினால் யாருக்குத்தான் கொண்டாடத் தோன்றாது? ஆனால் கணக்கு வேறு. நமது ஆங்கில நாட்காட்டியின் முதல் வருஷத்துக்குப் பெயர் கி.பி. 1. அங்கிருந்து 100 வருஷம் முடிய, 100ஆம் வருஷமும் முழுசாக முடிய வேண்டும். அதனால் இரண்டாம் நூற்றாண்டு 101இல் ஆரம்பம், இருபத்தொன்றாம் நூற்றாண்டு 2001 ஜனவரி 1இல் ஆரம்பம், அதன் முதல் 25 வருஷம் 2025 டிசம்பரில் முடிவு. டீக்கடையில் 2025 என்று சொன்ன கட்சிக்கு மற்ற கட்சி டீ வாங்கிக் கொடுக்கட்டும், வடையோடு.

இந்தச் சண்டை ஒவ்வொரு நூறு வருஷத்துக்கும் வருகிறது. 1900 பிறந்தபோது ஜெர்மனியின் கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம், அந்த ஜனவரி 1ஆம் தேதியே புது நூற்றாண்டு என்று தன் நாட்டுக்கு முடிவாக அறிவித்துவிட்டார். மற்ற நாடுகள் பெரும்பாலும் 1901 வரை காத்திருந்தன. ராஜா சொன்னால் நூற்றாண்டு சீக்கிரம் பிறந்துவிடுமா என்ன.

பூஜ்யம் ஏன் இல்லை என்றால், இந்தக் கணக்கைப் போட்டவர் டயனீசியஸ் எக்ஸிகுவஸ் என்ற துறவி. ரோமில் இருந்தவர். 525இல் ஈஸ்டர் எந்தத் தேதியில் வரும் என்று ஒரு அட்டவணை போட உட்கார்ந்தார். அதுவரை அந்த அட்டவணைகள் டயோக்ளீஷன் என்ற ரோமப் பேரரசன் ஆட்சிக்கு வந்த வருஷத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தன. கிறிஸ்தவர்களைக் கொன்றவன் பெயரில் எதற்கு வருஷம் எண்ணுவது என்று நினைத்தவர், இயேசு பிறப்பிலிருந்து எண்ண ஆரம்பித்தார். கவனியுங்கள், அவர் வரலாற்றை அளக்க அளவுகோல் செய்யவில்லை. ராஜாவின் ஆறாம் ஆட்சியாண்டு, ஏழாம் ஆட்சியாண்டு என்று எழுதுகிற பழைய பழக்கத்தில் ராஜாவை மட்டும் மாற்றினார். பட்டம் கட்டிய வருஷம் முதலாம் ஆண்டு, அவ்வளவுதான். கி.மு. என்று பின்னோக்கி எண்ணுகிற வழக்கம் பரவலானது ரொம்பப் பின்னால். அப்போது கி.பி. 1க்கு முந்தின வருஷம் கி.மு. 1 என்று ஒட்டவைத்துவிட்டார்கள், நடுவில் ஒன்றும் இல்லை.

இதில் உண்மையான சங்கடம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். உங்கள் பக்கத்து அழகன்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், வைகை கடலில் சேருகிற இடத்தருகே ரோமானியப் பானையோடுகள் அகழ்ந்தெடுத்த பழைய துறைமுகம். அங்கே கி.மு. 50இல் ஒரு கப்பலும் கி.பி. 50இல் இன்னொரு கப்பலும் வந்தன என்று சும்மா வைத்துக்கொள்வோம். இடையில் எத்தனை வருஷம்? 100 என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 99தான். பூஜ்யம் இல்லாததால் ஒன்று குறையும். பெரிய படிப்பாளிகளே இதில் விழுந்திருக்கிறார்கள்: ரோமக் கவி வர்ஜில் பிறந்தது கி.மு. 70, அவருடைய 2000 வருஷ விழாவை 1930இல் கொண்டாடினார்கள், சரியான கணக்கில் அது 1931.

சரி, பூஜ்யத்தில் ஆரம்பித்திருந்தால் தகராறு தீர்ந்திருக்குமா? கி.மு., கி.பி. கழித்தல் கணக்கு சுத்தமாக வந்திருக்கும், நூற்றாண்டும் 2000லேயே பிறந்திருக்கும். ஆனால் 'முதல் வருஷத்துக்குப் பெயர் பூஜ்யம், இரண்டாம் வருஷத்துக்குப் பெயர் ஒன்று' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு உங்கள் டீக்கடை வேறு இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். என் கட்சி இதுதான்: வருஷத்துக்கு வைக்கிற எண் நடந்துகொண்டிருக்கிற வருஷத்தின் பெயர், நடப்பதை எண்ணினால் ஒன்றில்தான் ஆரம்பிக்க வேண்டும். முடிந்ததை எண்ணினால் பூஜ்யத்தில் ஆரம்பிக்க வேண்டும். கீழே வருகிற எல்லாக் கேள்விக்கும் இதே விடைதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது, இப்போதே சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும். 'தொண்ணூறுகள்' என்றால் 1990 முதல் 1999 வரைதான், அங்கே போய் 1991 முதல் 2000 என்று நிற்காதீர்கள். அது இலக்கத்தை வைத்துச் சொல்கிற பேச்சு, நூற்றாண்டுக் கணக்கோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

மண்டபம் மீனவர்: தடைக்காலம் ஏப்ரல் 15இல் ஆரம்பித்து ஜூன் 14இல் முடிகிறது. என் மகன் 60 நாள்தான் வருகிறது என்கிறான், அரசாங்கம் 61 என்கிறது. ஒரு நாள் பிழைப்பு போவது எங்களுக்குப் பெரிய விஷயம்.

பதில்: அண்ணே, கணக்கு சரிதான், உங்கள் நாள் எங்கேயும் போகவில்லை. ஏப்ரல் 15ஆம் தேதியும் தடை, ஜூன் 14ஆம் தேதியும் தடை. ஏப்ரலில் 16 நாள், மே மாதம் 31, ஜூனில் 14, ஆக 61. தம்பி கடைசித் தேதியிலிருந்து முதல் தேதியைக் கழித்திருப்பார். கழித்தால் இடைவெளிதான் கிடைக்கும், முதல் நாள் விட்டுப்போகும். பனைமட்டை வேலி கட்டும்போது பத்து இடைவெளிக்குப் பதினொரு கால் ஊன்றுகிறோமே, அதே கதை. முன்னால் 45 நாள் தடை இருந்ததே, ஏப்ரல் 15 முதல் மே 29 வரை, அதையும் விரல் விட்டுப் பாருங்கள், 16ம் 29ம் 45.

இந்த ஒரு நாள் குழப்பம் ரோமாபுரியின் காலண்டரையே கெடுத்திருக்கிறது. ஜூலியஸ் சீசர் நாலு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு நாளைக் கூட்டச் சொல்லிவிட்டுச் செத்துப்போனார். அங்கே பூசாரிகளுக்கு முதல் வருஷத்தையும் கடைசி வருஷத்தையும் சேர்த்து எண்ணுகிற பழக்கம். அதனால் 'நாலாம் வருஷம்' என்பதை அவர்கள் எண்ணினால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வந்தது. அப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். பிறகு அகஸ்டஸ் கவனித்து, சில லீப் வருஷங்களை விடச்சொல்லி அதைச் சரிக்கட்டினார். உங்கள் மகன் தப்பு செய்தது ஒரு நாள்தான், விட்டுவிடுங்கள்.

தங்கச்சிமடம் வாசகி: பெரிய வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு காலை வரை இரண்டு நாள்கூட முழுசாக இல்லை. 'மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்' என்பது எப்படி என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளை கேட்கிறது.

பதில்: வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று. மேலே சொன்ன ரோமப் பூசாரி எண்ணிய முறைதான், இங்கே சரியாக வருகிறது. நம் ஊரிலும் கருமாதிக்குப் பதினாறாம் நாள் எண்ணும்போது இறந்த நாளைச் சேர்த்தா சேர்க்காமலா என்று பெரியவர்களைக் கேட்டுவிட்டுத்தானே தேதி வைக்கிறோம்.

கீழக்கரை வாசகர்: இப்போது ஹிஜ்ரி 1447 நடக்கிறது. அது பிறந்தது போன ஜூனில், அதாவது 2025. ஹிஜ்ரத் நடந்தது 622. கழித்தால் 1403தான் வருகிறது. ஹிஜ்ரிக்கு மட்டும் பூஜ்யம் இருந்ததா?

பதில்: இல்லை பாய், அதுவும் ஒன்றில்தான் தொடங்குகிறது. கலீஃபா உமர் காலத்தில்தான் இந்த ஆண்டுக் கணக்கே முறையாக வந்தது. ஹிஜ்ரத் நடந்தது ரபீஉல் அவ்வல் மாதத்தில், ஆனால் அந்த வருஷத்து முஹர்ரம் பிறையிலிருந்தே முதலாம் ஆண்டு என்று வைத்தார்கள். 622 ஜூலை 16. அதாவது பயணம் மதீனா போய்ச் சேரும்போது முதலாம் ஆண்டில் இரண்டு மாதம் ஏற்கெனவே போயாகிவிட்டது. உங்கள் கணக்கில் இடிப்பது பூஜ்யமல்ல, பிறை. சந்திர வருஷம் 354 நாள் சொச்சம், சூரிய வருஷத்தைவிட 11 நாள் குறைவு. 1403 சூரிய வருஷத்துக்குள் 1446 சந்திர வருஷம் அடங்கிவிடுகிறது. 1446 முடிந்தது, 1447 நடக்கிறது, கணக்கு டாண் என்று நிற்கும்.

ராமேஸ்வரம் வாசகர்: அப்துல் கலாம் ஐயா இறந்தபோது ஒரு பத்திரிகை 83 வயது என்றும் இன்னொன்று 84 வயது என்றும் போட்டது. சொந்த ஊர்க்காரர்களுக்கே குழப்பம். இரண்டில் எது தப்பு?

பதில்: பிறந்தது 1931 அக்டோபர் 15, இறந்தது 2015 ஜூலை 27. 83 முடிந்து 84 நடந்துகொண்டிருந்தது. 'வயது 83' என்பதும் சரி, '84ஆவது வயதில்' என்பதும் சரி, 'வயது 84' என்று மொட்டையாகப் போட்டால்தான் தப்பு. நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் இந்தத் தொல்லையே இருக்காது. பேரனுக்கு என்ன வயசு என்றால் 'அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் பள்ளிக்கூட விண்ணப்பம், வாக்காளர் பட்டியல் எல்லாம் முடிந்த வயதை மட்டும் கேட்க ஆரம்பித்தன, நாமும் பாதியை விட்டுவிட்டோம். 18 முடிந்தால்தான் ஓட்டு. 18 நடக்கிறது என்று போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தென்கொரியாவில் சில வருஷம் முன்பு வரை குழந்தை பிறக்கும்போதே ஒரு வயது, புத்தாண்டு பிறந்தால் எல்லோருக்கும் இன்னொரு வயது. டிசம்பர் 31 ராத்திரி பிறந்த குழந்தை மறுநாள் விடிந்தால் இரண்டு வயது! 2023 ஜூனில் புதுச் சட்டத்தை அமலாக்கி, அரசாங்கக் காரியங்களுக்கு முடிந்த வயதுதான் என்று ஆக்கினார்கள். எனக்கென்னவோ அந்தப் பழைய முறை பிடித்துத்தான் இருந்தது, பென்ஷன் சீக்கிரம் வரும்.

நூற்றாண்டு விழாவிலும் இதே கூத்துதான். கருணாநிதி பிறந்தது 1924 ஜூன் 3. நூற்றாண்டு விழா 2023 ஜூனிலேயே தொடங்கிவிட்டது, நூறாவது வருஷம் நடக்கும்போது. எம்.ஜி.ஆர். பிறந்தது 1917 ஜனவரி 17. அவருக்கு நூறு முடிந்த பிறகு, 2017இல் மாவட்டம் மாவட்டமாக விழா நடந்தது. கலாமுக்கு எப்போது என்று இப்போதே அடித்துக்கொள்ள வேண்டாம்: நூறாவது வருஷம் 2030 அக்டோபர் 15இல் பிறக்கும், நூறு நிறைவது 2031 அக்டோபர் 15. ஒரு வருஷம் முழுக்க விழா வைத்தால் இரண்டு கட்சியும் வந்து போகலாம்.

ராமநாதபுரம் கல்லூரி மாணவர்: நான் கம்ப்யூட்டர் படிக்கிறேன். சி மொழியில் வரிசையின் முதல் உறுப்புக்கு எண் 0தான். அதுதான் அறிவுப்பூர்வமானது என்று எங்கள் துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பூஜ்யத்தைக் கொடுத்த நாட்டுக்காரர்கள் நாமே வருஷத்தை ஒன்றிலிருந்து எண்ணுவது வெட்கமாக இல்லையா?

பதில்: தம்பி, வெட்கப்பட ஒன்றும் இல்லை. முதலில், எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. உன் சி மொழிக்கு மூத்தது ஃபோர்ட்ரான், அதில் எண் சாதாரணமாக 1இல்தான் ஆரம்பிக்கும். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 1982இல் பூஜ்யத்துக்கு ஆதரவாக ஒரு குறிப்பு எழுதினார், நல்ல வாதம்தான். தொடக்கத்தைச் சேர்த்து, முடிவைச் சேர்க்காமல் எழுதினால் இரண்டையும் கழித்தவுடன் நீளம் கிடைக்கும், அதற்குப் பூஜ்யத்தில் ஆரம்பித்தால்தான் எழுத்து சுத்தமாக வரும் என்றார். சரி. ஆனால் சி மொழியில் அந்த 0 என்ன சொல்கிறது? வரிசை தொடங்குகிற இடத்திலிருந்து எத்தனை உறுப்பு தாண்ட வேண்டும் என்று சொல்கிறது. முதல் உறுப்புக்கு எதையும் தாண்ட வேண்டாம், அதனால் 0. அதாவது அது வயது, தாண்டியதன் கணக்கு. பெயர் அல்ல.

உன் கையில் இருக்கிற போனை ஜனவரி 1 நடுராத்திரி எடுத்துப் பார், 24 மணி முறையில் வைத்துக்கொண்டு. மணி 00, நிமிஷம் 00. தேதி 1, மாதம் 1. ஒரே திரையில் இரண்டு கணக்கும் ஓடுகிறது! மணியும் நிமிஷமும் இதுவரை எவ்வளவு போனது என்று சொல்கின்றன, தேதியும் மாதமும் வருஷமும் இப்போது எது நடக்கிறது என்று சொல்கின்றன. யாருக்கும் இது உறுத்துவதே இல்லை, ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் 00:10க்கு என்றால் எல்லோரும் புரிந்துகொண்டுதான் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். உறுத்துவது உங்கள் துறையில்தான். சி மொழியிலேயே தேதியைப் பிரித்துக் கேட்டால் நாள் 1 முதல் 31 வரை, மாதம் மட்டும் 0 முதல் 11 வரை, வருஷம் 1900ஐக் கழித்துக்கொண்டு வரும். ஜாவாஸ்கிரிப்டிலும் ஜனவரிக்கு 0, ஆனால் முதல் தேதிக்கு 1. இதில் மாதத்தை ஒன்று தள்ளிப்போட்டு ராத்திரி முழுக்க முழித்த பையன்கள் எத்தனை பேர் என்று உன் சீனியர்களைக் கேள்.

பூஜ்யம் தேவைப்படுகிறவர்கள் வானியல்காரர்கள். அவர்களுக்கு வருஷங்களைக் கழித்தே ஆக வேண்டும். கி.மு. 12இல் வந்த ஹாலி வால்நட்சத்திரம் அடுத்த முறை வந்தது கி.பி. 66இல். 12ஐயும் 66ஐயும் கூட்டி 78 என்று வைத்தால் சுற்றுக் கணக்கு பிசகும், 77தான். அதனால் ஜாக் காசினி என்ற பிரெஞ்சு வானியலாளர் 1740இல் தன் அட்டவணையில் கி.மு. 1க்கு 0 என்று பெயர் போட்டார். கி.மு. 2க்கு -1. லீப் வருஷமும் ஒழுங்காக 0, 4, 8 என்று விழும். தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601இலும் 0000 என்ற வருஷம் உண்டு. ஆக, பூஜ்ய வருஷம் உலகத்தில் இல்லாமல் இல்லை, அவரவர் தொழிலுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாபிலோனியரும் வைத்திருந்தார்கள். ராஜா இறந்து புது ராஜா நடு வருஷத்தில் ஏறினால், மிச்ச மாதங்களை 'பட்டமேறிய வருஷம்' என்று எண் இல்லாமல் விட்டுவிட்டு, அடுத்த புத்தாண்டிலிருந்துதான் ஒன்று என்று எண்ணினார்கள். எண்ணாக எழுதிய பூஜ்யத்துக்கு ரொம்ப முந்தின பூஜ்யம் அது.

நம் நாட்டைப் பற்றிச் சொன்னாயே, ஆரியபட்டர் என்ன செய்தார் பார். கலியுகத்தில் 3600 வருஷம் முடிந்தபோது தனக்கு 23 வயது முடிந்தது என்று எழுதிவைத்தார். இரண்டுமே முடிந்த கணக்கு. கலி தொடங்கியது கி.மு. 3102. 3600இல் 3102 போனால் 498 என்றுதானே நீ போடுவாய்? சரியான விடை 499. ஆரியபட்டர் பூஜ்யத்தில் தொடங்கிச் சுத்தமாகத்தான் எண்ணினார், இடறுவது அந்த ஈஸ்டர் துறவியின் காலண்டருக்குள் நாம் நுழையும்போதுதான்.

திருப்புல்லாணி வாசகர் (வயது 78 முடிந்தது என்று அவரே போட்டிருக்கிறார்): எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் இந்த விசுவாவசு வருஷத்துக்குக் கலியுகாதி 5126. பேரன் போனில் 5127 என்று காட்டுகிறது. பஞ்சாங்கத்தை நம்புவதா, போனை நம்புவதா?

பதில்: ஐயா, இரண்டையும் நம்பலாம். 5126 முடிந்தது, 5127 நடக்கிறது. பஞ்சாங்கம் கணிப்பவருக்கு முடிந்த வருஷம்தான் வேண்டும், ஏனென்றால் தொடக்கத்திலிருந்து எத்தனை நாள் போயிற்று என்று கண்டுபிடித்துத்தான் கிரகம் எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியும். கல்வெட்டுகளில் வருகிற சக ஆண்டு என்ற பழைய ஆண்டுக் கணக்கும் அப்படித்தான் பெரும்பாலும் முடிந்த வருஷமாகவே எழுதப்பட்டது.

உங்கள் ஊர் சேதுபதி சீமை என்பதால் ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்துச் செப்பேடுகளிலும் விஜயநகர காலக் கல்வெட்டுகளிலும் தேதி எழுதுகிற வாய்பாடு ஒன்று உண்டு: 'சகாப்தம் இத்தனையின் மேல் செல்லாநின்ற இன்ன வருஷம்'. சக வருஷம் இத்தனை முடிந்தது, அதன்மேல் இப்போது போய்க்கொண்டிருப்பது இந்தப் பெயருள்ள வருஷம் என்று அர்த்தம். முடிந்ததற்கு எண், நடப்பதற்குப் பெயர்! பிரபவ, விபவ என்ற அறுபது பெயரை வைத்துக்கொண்டு எவ்வளவு நாசூக்காக முடித்திருக்கிறார்கள். ஒன்றா பூஜ்யமா என்று இன்றைக்கு நாம் அடித்துக்கொள்கிற சண்டை அந்த ஒரே வரியில் தீர்ந்துவிடுகிறது. அறுபது பெயர்ச் சுழற்சியைக் கேலி செய்கிறவர்கள் உண்டு, அறுபது வருஷத்துக்கு மேல் எது எந்தப் பிரபவ என்று தெரியாதே என்று. எண்ணும் கூடவே இருந்தபோது அந்தக் குறை இல்லை. எண்ணை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது பிற்பாடு நாம் செய்தது.

அதற்கும் முன்னால், பாண்டியர் கல்வெட்டுகளில் இன்னொரு விதம் இருக்கிறது. 'யாண்டு இரண்டாவதின் எதிர் பதின்மூன்றாவது' என்கிற மாதிரி இரண்டு எண் வரும். கூட்டினால் ஆட்சியாண்டு 15 என்று கல்வெட்டு அறிஞர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஏன் அப்படிப் பிரித்து எழுதினார்கள் என்பதற்குப் பல விளக்கம் சொல்லப்பட்டிருக்கிறது. எதுவானாலும் அதில் பூஜ்யம் கிடையாது. அன்றைய தமிழ் எண் எழுத்திலேயே பூஜ்யக் குறி இல்லாமல், பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனி எழுத்து வைத்து எழுதினார்கள். நெல் அளக்கிறவர்களோ ஒன்று என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், முதல் மரக்காலுக்கு 'லாபம்' என்பார்கள். பூஜ்யமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மூன்றாவது கட்சி ஆரம்பிக்க விரும்புகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

தொண்டி வாசகர்: திருவள்ளுவர் ஆண்டுக்கு 31 கூட்டச் சொல்கிறார்கள். வள்ளுவர் பிறந்ததாக வைத்திருப்பது கி.மு. 31. அப்படியானால் அந்த வருஷம் பூஜ்யமா, ஒன்றா?

பதில்: ஒன்று. கி.மு. 31 ஒன்று என்றால் கி.மு. 1 வரும்போது 31, அடுத்தது கி.பி. 1, அது 32. ஆக 31 கூட்டினால் சரியாக வருகிறது. இந்தத் தையில் 2057 பிறந்தது. கி.மு. 31ஐப் பூஜ்யம் என்று வைத்திருந்தால் 30 கூட்ட வேண்டியிருக்கும்.

தனுஷ்கோடி புயல் நினைவு ஃபிளெக்ஸில் 61 என்று போட்டது சரியா என்று கேட்டவருக்கு: 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தது. 60 வருஷம் நிறைந்தது 2024 டிசம்பரில். போன டிசம்பரில் ஃபிளெக்ஸில் '61ஆம் ஆண்டு நினைவு அஞ்சலி' என்று போட்டிருந்தது சரிதான். நினைவு அஞ்சலிக்கு ஊரில் எல்லோரும் முடிந்த வருஷத்தைத்தான் எண்ணுகிறோம், முதலாம் ஆண்டு நினைவு நாளை இறந்த அன்றைக்கே யாரும் வைப்பதில்லை. பாம்பன் ரயில் பாலத்துக்கும் அப்படித்தான், 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலத்துக்கு 2014இல் நூறு நிறைந்தது.

உச்சிப்புளி வாசகி: அப்பா பிறந்தது 1966 ஆவணி, பராபவ வருஷம். இந்த வருஷம் அறுபதாம் கல்யாணம் வைக்க நினைக்கிறோம். மாமா, '60 நடக்கிறதே, போன ஆவணியிலேயே வைத்திருக்க வேண்டும், காலம் தப்பிவிட்டது' என்று பயமுறுத்துகிறார்.

பதில்: மாமாவிடம் ஒன்றும் தப்பவில்லை என்று சொல்லுங்கள். 59 முடிந்து 60 பிறக்கும்போது செய்வது உக்ரரத சாந்தி, வேறு சடங்கு, விரும்புகிறவர்கள் செய்வார்கள். அவர் அதை மனதில் வைத்துப் பேசுகிறார். சஷ்டியப்த பூர்த்தி 60 நிறைந்து 61 பிறக்கும்போது. அடையாளம் சுலபம்: பிறந்த வருஷத்தின் பெயர் திரும்பி வர வேண்டும். இந்தச் சித்திரையில் பராபவ பிறக்கிறது, ஆவணியில் அப்பாவின் நட்சத்திரம் வருகிற நாளைப் பார்த்து வையுங்கள். திருக்கடையூர் போவதாக இருந்தால் இப்போதே பேசிவிடுங்கள், நல்ல நாட்களில் அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். பத்திரிகை அடிக்கும்போது '60 வயது பூர்த்தி' என்று மட்டும் போடுங்கள். '60ஆம் ஆண்டு' என்று எங்கேயாவது போட்டுவைத்தால் மாமா மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.